நெகட்டிவில் வெள்ளைத் திட்டா? கடைசி அலசலை மாற்றுங்கள்

வீட்டில் கருப்பு வெள்ளை ஃபிலிம் கழுவுகிறீர்களா? கடைசி அலசலுக்கு மட்டும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் எடுத்துக்கொள்ளுங்கள் (ஆசிட் கேன் வேறு, லேபிளைப் பாருங்கள்). 35 மி.மீ. ரோலுக்கு 300 மில்லி போதும். குடியாத்தம், பேரணாம்பட்டு போன்ற ஆந்திர எல்லையோர ஊர்களில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால், சொட்டு காய்ந்ததும் சுண்ணாம்பு உப்பு ஃபிலிமிலேயே தங்கிவிடும். குடத்துக்குள் படியும் வெள்ளையும் அதுதான். அதே தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் பயனில்லை.

ஏற்கெனவே காய்ந்த நெகட்டிவில் திட்டு இருந்தால், பளபளப்பான பக்கத்தில் மூச்சுக்காற்றை ஊதி மெல்லிய துணியால் துடைத்துப் பாருங்கள். மங்கலான பக்கத்தைத் தொடவே வேண்டாம், கீறிவிடும். திட்டு போகாமல் கண்ணாடிபோலத் தெளிந்த சிறு வட்டமாக இருந்தால் அது டெவலப்பரில் (படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனம்) இருக்கும்போது ஃபிலிமில் ஒட்டிய காற்றுக்குமிழியின் தடம். அதற்கு இந்த வழி உதவாது. அடுத்த ரோலுக்கு டெவலப்பர் ஊற்றியதும் ஃபிலிம் கழுவும் டேங்கை மேசையில் இரண்டு தட்டு தட்டுங்கள்.