கிழமைகளைச் சொல்லிக்கொடுக்கும்போது சறுக்கும் இடங்கள்

வேதாகமம் சொல்லும் படைப்பின் ஏழு நாட்களை வைத்தே கிழமைகளையும் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் பலரும் நினைக்கிறோம். இரண்டும் ஏழு என்பதால் ஒரே அட்டையில் ஒட்டிவிடுகிறோம். குழப்பம் அந்த அட்டையில்தான் ஆரம்பிக்கிறது.

நான் அதிகம் பார்க்கும் தவறு, "ஏழாம் நாள் ஞாயிறு" என்று சொல்லிவிடுவது. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு 'ஓய்வுநாள் பள்ளி' என்று நாமே பெயர் வைத்திருக்கிறோம். சுவரில் திங்கள்கிழமையில் தொடங்கும் காலண்டரும் தொங்கினால் கேட்கவே வேண்டாம். வேதாகமக் கணக்கில் ஞாயிறு வாரத்தின் முதல் நாள். ஏழாம் நாளான ஓய்வுநாள் சனி. வாரத்தின் முதல் நாளில் இயேசுவின் கல்லறை வெறுமையாக இருந்தது என்று நான்கு சுவிசேஷங்களும் சொல்கின்றன. பெரும்பாலான சபைகள் ஞாயிறன்று கூடுவதற்கு அதுவே காரணம். சனிக்கிழமை ஆராதிக்கும் சபைகளும் உண்டு. நான்கு வயதுப் பிள்ளைக்கு இந்த விளக்கமெல்லாம் வேண்டாம். "ஞாயிறு முதல் நாள், இயேசு உயிரோடு எழுந்த நாள்" என்றால் போதும். பிறகு அழித்து எழுத வேண்டியிருக்காது.

அடுத்தது தமிழால் வரும் சிக்கல். ஞாயிறு என்றால் சூரியன், திங்கள் என்றால் நிலா. முதல் நாள் ஞாயிறு என்றதும், பொருள் தெரிந்த பிள்ளை மஞ்சள் கிரேயானை எடுத்துச் சூரியனை வரைந்துவிடும். படைப்பைச் சொல்லும் ஆதியாகமப் புத்தகத்திலோ முதல் நாள் வெளிச்சம் மட்டும்தான். சூரியனும் சந்திரனும் நட்சத்திரங்களும் நான்காம் நாள். அதனால் படைப்பின் கதையில் கிழமைப் பெயரே வேண்டாம். முதலாம் நாள், இரண்டாம் நாள் என்றே சொல்லுங்கள். எபிரேய மொழியில் கிழமைகளுக்கே இப்படி எண்கள்தான். ஏழாவதற்கு மட்டும் 'சப்பாத்' என்று தனிப்பெயர்.

ஒவ்வொரு நாளின் முடிவிலும் "நல்லது என்று கண்டார்" என்று கைதட்ட வைப்பவர்கள் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். இரண்டாம் நாளில் அந்த வார்த்தை இல்லை, மூன்றாம் நாளில் இரண்டு முறை வருகிறது.

ஏழாம் நாளைப் பற்றி "கடவுள் களைத்துப்போய் ஓய்வெடுத்தார்" என்பதும் வேண்டாம். ஒரு குட்டிப்பெண் உடனே, "அப்போ யார் நம்மளைப் பாத்துக்கிட்டாங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதானே! அவர் சோர்ந்துபோவதில்லை என்று ஏசாயா 40:28 சொல்கிறது. வேலை முடிந்தது, நிறுத்தினார். அவ்வளவுதான்.

உயிர்த்தெழுதலின் "மூன்றாம் நாள்" கணக்கில் இயேசு இறந்த வெள்ளியையும் சேர்த்து எண்ண வேண்டும். விட்டால் பிள்ளைகள் சரியாகத் திங்களில் போய் நிற்பார்கள்.

கடைசியாக, பாட்டை மட்டும் நம்புவது. பாட்டு வரிசையைத் தரும், நாளைத் தராது. ஏழு கிழமையையும் ராகமாகப் பாடும் பிள்ளையிடம் "நாளைக்கு என்ன கிழமை?" என்று கேட்டால் மறுபடியும் ஞாயிறிலிருந்து பாட ஆரம்பிக்கும். மூன்று வயதில் போன மாதம் நடந்ததும் 'நேத்து'தான். அந்த வயதில் நாளை உடம்பால் உணர வைக்க எரிகோ நகரின் மதில் விழுந்த கதை கைகொடுக்கிறது: இஸ்ரவேலர் அதை ஆறு நாளும் நாளுக்கு ஒரு சுற்று, ஏழாம் நாள் ஏழு சுற்று சுற்றினார்கள். வீட்டில் தினமும் மேஜையை ஒருமுறை சுற்றிவந்து அன்றைய கிழமையைச் சொல்லச் சொல்லுங்கள். ஞாயிறன்று தொடங்கினால் ஏழு சுற்று சனிக்கிழமையில் வரும். அன்று மதிலாகச் சாய்ப்பதற்கு அட்டைப்பெட்டிகளை அடுக்கிவைக்க மறந்துவிடாதீர்கள்.