கரையோரம் நடந்து தூண்டில் போடப் பையில் எதை எடுப்பது, எதை விடுவது: இராமநாதபுரம் கடற்கரைக்கான குறிப்புகள்

ஓரிடத்தில் நாற்காலி போட்டு அமர்ந்து, இரண்டு மூன்று கம்புகளை மணலில் ஊன்றிவிட்டுக் காத்திருப்பது தூண்டிலில் ஒரு முறை. கரையோரமாகவே நடந்து, நீரின் நிறமும் அலை உடையும் விதமும் மாறுகிற இடங்களில் மட்டும் வீசிப் பார்த்து, மீன் தொடாவிட்டால் அடுத்த இடத்துக்கு நகர்வது இன்னொரு முறை. இராமநாதபுரம் மாவட்டத்தின் நீண்ட மணற்கரைகளுக்கு இரண்டாவதே ஏற்றது என்பது என் கருத்து. ஆனால் அதற்குத் தோளில் சுமை குறைவாக இருக்க வேண்டும். புதையும் மணலில் பத்துக் கிலோ பையோடு இரண்டு கிலோமீட்டர் நடந்தவர் மூன்றாவது கிலோமீட்டரில் மீனைத் தேடமாட்டார், நிழலைத் தேடுவார்.

பையைத் திறப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது, எந்தக் கடலுக்குப் போகிறோம் என்பது. இந்த மாவட்டத்துக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா என இரண்டு கடல்கள் உண்டு. இராமேசுவரத்தார் முன்னதைப் பெண் கடல் என்றும் பின்னதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று வீசும்போது தனுஷ்கோடியின் தென்கரை கொந்தளிக்கும், வடகரை குளம்போல் கிடக்கும். வாடைக் காற்று தொடங்கியதும் நிலைமை தலைகீழாகும். சுமை கூடுவதற்கு முதற்காரணம், இரண்டு கடலுக்கும் வேண்டிய பொருள்களை ஒரே பையில் திணிப்பதுதான். முதல் நாள் மாலையே காற்றின் திசையையும் வேகத்தையும் பார்த்து, ஒரு கரையைத் தேர்ந்து, மற்றதற்கான சாமான்களை வீட்டிலேயே விட்டுவிட்டால் பை பாதியாகக் குறையும்.

அரியமான், தேவிபட்டினம் பக்கம் போன்ற பாக் நீரிணைக் கரைகளில் கடல் ஆழம் குறைந்தது, அலை தாழ்ந்தது. எட்டு அடி ராடும் (தூண்டில் கம்பு) 20 முதல் 30 கிராம் ஈயக்குண்டும் அங்கே தாராளம். அலை நேராக வந்து மோதுகிற தனுஷ்கோடித் தென்கரைக்கு ஒன்பது அல்லது பத்து அடி ராடும், 60 முதல் 80 கிராம் ஈயமும் வேண்டியிருக்கும். மண்டபம் முதல் கீழக்கரை வரையிலான வளைகுடாக் கரையில் தீவுகளும் பவளப்பாறைகளும் அலையின் வேகத்தை ஓரளவு வாங்கிக்கொள்வதால், அங்கே இரண்டுக்கும் இடைப்பட்ட கனமே போதும். எதுவானாலும் ராடு ஒன்றுதான். மூன்று துண்டாகப் பிரியும் ராடாக இருந்தால் பேருந்தில் யாருடைய கண்ணையும் குத்தாமல் கொண்டுபோகலாம். உள்ளிழுத்துச் சுருக்கும் டெலஸ்கோப் ராடு இன்னும் வசதியாகத் தோன்றும். ஆனால் தனுஷ்கோடியில் பறக்கும் பொடிமணல் அதன் இணைப்புகளுக்குள் புகுந்து இறுகிவிட்டால் மாலையில் அது சுருங்க மறுக்கும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

நரம்பைச் சுற்றும் ரீல் 4000 அளவில் ஒன்று போதும், உதிரி ரீல் வேண்டாம். நரம்பில் சிக்கனம் பார்க்கலாகாது. 20 பவுண்டு இழுப்பைத் தாங்கும் பிரெய்டு, அதாவது பல இழைகளைப் பின்னிய நரம்பு, ஒற்றை இழை நைலானான தங்கூசியைவிட மிக மெல்லியது என்பதால் காற்றை அறுத்துக்கொண்டு தூரம் போகும், ரீலும் சிறியதாக இருந்தால் போதும். அதன் முனையில் ராடின் நீளத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளத்துக்குத் தடித்த தங்கூசியைக் கட்டாயம் இணைக்க வேண்டும். வீசும் நொடியில் ஈயம் இழுக்கும் இழுப்பைத் தாங்குவது இந்தத் துண்டே. 28 கிராம் ஈயத்துக்குப் பத்துப் பவுண்டு என்பது பழகிய கணக்கு. 80 கிராம் வரை வீசுபவர் 30 பவுண்டுத் தங்கூசி வைத்துக்கொள்ளலாம். பிரெய்டு விரலை அறுக்கும். பழைய சைக்கிள் டியூபில் ஓர் அங்குல அகலத்துக்கு வளையம் வெட்டி ஆள்காட்டி விரலில் மாட்டிக்கொண்டால் கையுறைக்கு வேலையில்லை.

பையின் கனத்தில் வீணாகப் போவது பெரும்பாலும் ஈயம். ஓரிடத்தில் பாறையில் சிக்கி ஈயம் போனால், நடப்பவர் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுகிறார். ஆகவே அவருக்குப் பத்து உதிரி தேவையில்லை. மணற்கரைக்கு நான்கு, கல்லும் பவளத்துண்டுமான கரைக்கு ஆறு என்று எண்ணி எடுத்தால் போதும். தூண்டில் முள் விஷயம் வேறு. கடற்புல் படர்ந்த பாக் நீரிணைப் பக்கம் பேத்தை மீன்கள் நரம்பையே கடித்துத் துண்டித்துவிடும், அதனால் முள்ளைத் தாராளமாக எடுக்கலாம். இருபது முள்ளின் எடை ஓர் ஈயக்குண்டுக்கு ஈடாகாது.

முள் கட்டிய நரம்புகளைக் காற்றில் நின்று கட்ட முயல்வதைவிட வீட்டிலேயே கட்டி எடுத்துச் செல்வது நல்லது. அவற்றைச் சிக்கலின்றி வைக்கப் பெட்டி வாங்க வேண்டியதில்லை. தேய்ந்த ஹவாய்ச் செருப்பின் அடிப்பகுதியை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, இரண்டு ஓரங்களிலும் பிளேடால் அரை அங்குல இடைவெளியில் கீறல்கள் போட வேண்டும். முள்ளின் கூர்முனையை ஓர் ஓரத்தில் குத்தி, நரம்பைக் கீறல்களுக்குள் இழுத்துச் சுற்றி, கடைசி முனையில் உள்ள கண்ணியைக் குண்டூசியால் அழுத்திவிட்டால் ஒரே துண்டில் எட்டுப் பத்து முள் அடங்கும். எடுக்கும்போது குண்டூசியை நீக்கி மெல்ல இழுத்தாலே அவிழ்ந்து வரும். சட்டைப் பையில் வைத்தாலும் குத்தாது; நீரில் விழுந்தால் மிதக்கும். சீலாவும் வாளையும் வரக்கூடிய கரையானால், அவற்றின் பல்லுக்குத் தப்ப, ஒரு சாண் எஃகுக் கம்பி கட்டிய முள் இரண்டையும் அதிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

இரைக்காக ஐஸ் பெட்டி தூக்குவது தேவையற்றது. முதல் நாள் இரவே கணவாயையோ மத்தியையோ விரல் நீளத் துண்டுகளாக நறுக்கிக் கல்லுப்பில் புரட்டி, ஊறி வரும் நீரை வடித்து, இறுக மூடும் சிறிய டப்பாவில் அடைத்தால் வெயிலிலும் பல மணி நேரம் தாங்கும். உப்பு ஏறிய துண்டு இறுகிவிடுவதால் வீசும்போது முள்ளிலிருந்து கழன்று விழுவதும் குறைவு. கிழங்கான் மீனுக்குச் சிறு இறால்தான் வேண்டும் என்பவர், கரைவலை இழுப்பவர்கள் இருக்கும் இடமானால் அவர்களிடமே ஒரு கைப்பிடி வாங்கிக்கொள்ளலாம். பொய் இரை என்று பார்த்தால் 20 முதல் 40 கிராம் வரை இரண்டு ஜிக்குகள் (உலோகப் பொய்மீன்கள்) போதும். பாறை மீனும் கட்டாவும் விடிகாலையில் சிறுமீன்களைக் கரைக்கு விரட்டி வரும்போது அவை உதவும். வெயில் ஏறிய பிறகு பெரும்பாலும் பையிலேயே கிடக்கும்.

மூக்குக் குறடு, சிறு கத்தி, நரம்பு வெட்டி ஆகிய மூன்றையும் கயிற்றில் கோத்து இடுப்பில் தொங்கவிட வேண்டும். மீனிலிருந்து முள்ளைக் கழற்றும்போது ராடை எங்கே வைப்பது என்பது நடப்பவருக்கு உள்ள உண்மையான சிக்கல், ஏனெனில் மணலில் கிடத்திய ரீல் அன்றைக்கே கரகரக்கத் தொடங்கும். ராடின் அடிப்பிடி நுழையும் அகலமுள்ள பி.வி.சி. குழாயை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, இரண்டு துளையிட்டுப் பெல்ட்டில் கோத்துக்கொண்டால், கம்பை அதில் செருகி இரண்டு கையையும் மீனுக்குக் கொடுக்கலாம். ராடை மணலில் ஊன்றி நிறுத்தும் நீளமான மணற்குத்தியை இது தேவையற்றதாக்கிவிடும்.

குறைக்கக் கூடாதது தண்ணீர். ராடு, ரீல், ஈயம், இரை எல்லாம் சேர்ந்தாலும் இரண்டு லிட்டர் தண்ணீரின் எடைக்குச் சற்றுக் குறையவோ கூடவோ இருக்கும். அதனாலேயே பலர் தண்ணீரில் கை வைக்கிறார்கள். முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டி அரிச்சல்முனை நோக்கிப் போகும் பாதையில் மரநிழலை எதிர்பார்க்க முடியாது. சாலையை விட்டு விலகிக் கரையோரமாக நடப்பவருக்கு வழியில் கடையும் கிடைக்காது. அரை நாளுக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர் என்பதைக் குறைந்த அளவாகக் கொள்ள வேண்டும். முழுக்கைப் பருத்திச் சட்டை, தலைக்கும் கழுத்துக்கும் சுற்ற ஒரு துண்டு, பிடிப்புள்ள பழைய கேன்வாஸ் ஷூ ஆகியவை உடலிலேயே இருப்பதால் பையில் இடம் கேட்பதில்லை.

நீரில் இறங்குபவர் காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு உரசியபடி நடந்தால், மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை முன்னதாகவே விலகிப் போகும். மீறி முள் குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை அமிழ்த்தி வைப்பது வலியைத் தணிக்கும். ஆனாலும் மருத்துவமனைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். கெளுத்தி, ஓரா ஆகிய மீன்களின் முள்ளுக்கும் இதே முறைதான். ஒரு கிருமிநாசினிக் குப்பி, ஒரு துணிக்கட்டு, நெகிழி உறையில் கைப்பேசி, ஆதார் அட்டை ஆகியவற்றைத் தனிப் பொதியாகக் கட்டிக்கொள்ளலாம். இது எல்லையோரக் கடல் என்பதால் அடையாள அட்டையைக் கேட்கக்கூடும். ஆம்புலன்சுக்கு 108, கடலோரக் காவலுக்கு 1093. தனுஷ்கோடியில் மாலைக்குள் எல்லாரையும் வெளியேற்றிவிடுவதால், அங்கே போகிற நாளில் தலைவிளக்குக்கு வேலையே இல்லை.

பிடித்த மீனுக்கு ஈரச் சாக்கு ஒன்று போதும். அவ்வப்போது கடல்நீரில் நனைத்து, காற்றுப் படும்படி முதுகுப்புறம் தொங்கவிட்டால் ஈரம் ஆவியாகும்போது உள்ளே குளிர்ச்சி நிற்கும். குடலை அங்கேயே எடுத்துவிட்டால் இன்னும் நல்லது. சமைக்கப் போகும் மீனை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை உயிரோடு விடுவது சுமைக்கும் நல்லது. பேத்தையை எந்தக் காரணத்துக்காகவும் சாக்கில் போடக் கூடாது, அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது. கடல் அட்டை, கடல் குதிரை, பவளத்துண்டு ஆகியவை சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. கரையில் கிடந்தாலும் கை வைக்க வேண்டாம். 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாத் தீவுகள் 21இலும் அனுமதியின்றி இறங்க முடியாது என்பதால், எதிரே தெரிகிற திட்டுக்கு நடந்தே போய்விடலாம் என்ற எண்ணம் நீர் வற்றிய நேரத்திலும் எழக் கூடாது.

நடையைக் காற்றுக்கு எதிராகத் தொடங்குவது நல்லது. காலையில் தெம்போடு எதிர்க்காற்றில் போய், மீனும் களைப்புமாகத் திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளும்படி வைத்துக்கொள்ளலாம்.

வீடு திரும்பியதும் ரீலின் டிராகை (மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் திருகு) இறுக்கி, குழாய் நீரை மெதுவாக ஊற்றிக் கழுவி, துடைத்த பின் டிராகைத் தளர்த்திவிட வேண்டும். நீரைப் பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளே போய்விடும். குறடும் பயன்படுத்திய முள்களும் நன்னீரில் ஊறட்டும். பையின் ஜிப்பைக் கழுவி உலர்த்தி மெழுகுவர்த்தியை அதன் பல்லில் தேய்த்து வைத்தால், அடுத்த முறை உப்புப் பூத்து இறுகிப்போகாமல் ஒரே இழுப்பில் திறக்கும்.