சீரியலில் பைட் தொலைகிறதா? ஏடிமெகா328பி-யில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆர்டுவினோ ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சிப், சீரியலில் வரும் ஒவ்வொரு பைட்டோடும் மூன்று புகார்களைச் சேர்த்து வைக்கிறது. பைட்டின் முடிவைக் காட்டும் ஸ்டாப் பிட் வரவேண்டிய நேரத்தில் லைன் தாழ்ந்திருந்தால் ஃப்ரேமிங் எரர்; எடுக்க ஆளில்லாமல் பைட் விழுந்துபோனால் ஓவர்ரன்; பைட்டிலுள்ள 1-களின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்று சரிபார்க்கும் பாரிட்டி பிட் ஒத்துவராவிட்டால் பாரிட்டி எரர். ஸ்டேட்டஸைக் காட்டும் யூசிஎஸ்ஆர்0ஏ (UCSR0A) ரெஜிஸ்டரில் முறையே 4, 3, 2-ஆம் பிட்கள்; இவைதான் கொடிகள். புகார் வருகிறது, கேட்கத்தான் பலருடைய கோடில் யாருமில்லை.

கேட்பவர்களிலும் பாதிப்பேர் தப்பான நேரத்தில் கேட்கிறார்கள். வந்த பைட் கிடைக்கும் யூடிஆர்0 (UDR0) ரெஜிஸ்டரிலிருந்து அதை எடுத்துவிட்டு, பிறகு ஸ்டேட்டஸைப் பார்ப்பது தவறு. உள்ளே இருப்பது இரண்டு பைட் கொள்ளும் வரிசை. பைட்டை எடுத்த கணமே அதன் கொடிகளும் அதனோடு போய்விடும்; அதன்பின் தெரிவது அடுத்த பைட்டின் நிலவரம். ஆகவே முதலில் யூசிஎஸ்ஆர்0ஏ-வை ஒரு வேரியபிளில் வாங்குங்கள், அப்புறம் யூடிஆர்0. அந்த வேரியபிளை ஹெக்ஸ் 1சி-யோடு ஆண்ட் செய்து, பூஜ்யம் வராவிட்டால் பிழை. பிழை என்று தெரிந்தாலும் பைட்டைப் படித்தே ஆகவேண்டும். படிக்காமல் திரும்பினால், பைட் வந்ததும் மற்ற வேலையை நிறுத்தி உங்கள் கோடைக் கூப்பிடும் ரிசீவ் இன்டரப்ட் விடாமல் அடித்துக்கொண்டே இருக்கும்.

ஆர்டுவினோ லைப்ரரியை நம்பியிருப்பவர்களுக்கு இந்த வசதியும் இல்லை. பாரிட்டி தவறிய பைட்டை அது சத்தமில்லாமல் தூக்கிப்போடுகிறது. மற்ற இரண்டு கொடிகளைப் பார்ப்பதே இல்லை. அதன் 64 பைட் பஃபரில் 63 நிறைந்ததும் வருவதெல்லாம் குப்பைக்குத்தான். அப்படிப் போனதை ஓவர்ரன் கொடி காட்டாது, ஏனென்றால் சிப்பைப் பொறுத்தவரை பைட் ஒழுங்காக எடுக்கப்பட்டுவிட்டது. அதற்குத் தனியாக ஒரு கவுண்டர் வைக்க வேண்டும்.

சிப்பிலேயே நடக்கும் ஓவர்ரனுக்குக் காரணம் பெரும்பாலும் இன்டரப்டை நிறுத்தி வைப்பதுதான். 115200 பாட் ரேட்டில், அதாவது விநாடிக்கு அத்தனை பிட் வேகத்தில், ஒரு பைட்டுக்கு சுமார் 87 மைக்ரோ விநாடி. 60 விளக்குள்ள டபிள்யூஎஸ்2812 எல்இடி பட்டைக்குத் தரவு அனுப்ப 1.8 மில்லி விநாடி ஆகும். வழக்கமான லைப்ரரிகள் அதுவரை இன்டரப்டை மூடிவிடும். அந்த இடைவெளியில் 20 பைட் வரலாம். சிப் தாங்குவது வரிசையில் இரண்டு, பிட் பிட்டாக வாங்கும் ஷிஃப்ட் ரெஜிஸ்டரில் ஒன்று. அதே வேலை 9600-ல் நடந்தால் ஒன்றும் தொலையாது. ஓவர்ரன் கொடி வந்தால் கையிலுள்ள பைட் கெட்டது என்று பொருளல்ல, அதன் பக்கத்தில் ஓட்டை விழுந்திருக்கிறது என்று பொருள். அந்த ஒரு பைட்டை மட்டும் ஒதுக்கிவிட்டுத் தொடராமல், ஒரே செய்தியாக வந்த முழு பாக்கெட்டையும் விடுங்கள்.

ஃப்ரேமிங் எரர் அடிக்கடி வந்தால் வயரைக் குறை சொல்வதற்கு முன் பாட் ரேட்டைக் கணக்குப் போடுங்கள். 16 மெகாஹெர்ட்ஸில் 115200 துல்லியமாக வராது: இரட்டை வேக முறையில் 2.1% கூடுதல், சாதாரண முறையில் 3.5% குறைவு. எட்டு பிட், பாரிட்டி இல்லாத அமைப்புக்கு டேட்டாஷீட் பரிந்துரைக்கும் வரம்போ முறையே 1.5%, 2%. கம்ப்யூட்டரோடு ஊனோ சிக்கலின்றிப் பேசுவதற்குக் காரணம், நடுவிலிருக்கும் யூஎஸ்பி சிப்பும் அதே 16 மெகாஹெர்ட்ஸில் அதே அளவு தவறுவதுதான். வேறு மாட்யூலை மாட்டினால் வேஷம் கலையும். கிரிஸ்டல் இல்லாமல் உள் ஆசிலேட்டரில் ஓட்டினால் இன்னும் மோசம், தொழிற்சாலைக் கேலிபரேஷனில் அதற்கு 10% வரை விலகல் உண்டு. 9600-ல் பிழை 0.2% மட்டுமே; 14.7456 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் போட்டால் 115200-ம் சுத்தமாக வரும்.

பூஜ்யம் பைட்டோடு ஃப்ரேமிங் எரர் வந்தால் அது பிரேக் சிக்னலாகவோ, லைன் கிரவுண்டில் மாட்டியதாகவோ இருக்கலாம்.

பாரிட்டி போட்டாயிற்று, இனிப் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். ஒரு பைட்டில் இரண்டு பிட் புரண்டால் அதற்குத் தெரியாது. முழு பைட்டே காணாமல் போனாலும் தெரியாது. பைட்டுகளைக் கூட்டி வைக்கும் செக்சம், இரண்டு பைட் இடம் மாறியதைக் கண்டுகொள்ளாது. பாக்கெட்டில் நீளமும், பைட்டுகளின் வரிசையையும் சேர்த்துச் சரிபார்க்கும் 16 பிட் எண்ணான சிஆர்சி-16-ம் இருக்கட்டும். தொழிற்சாலைக் கருவிகள் பேசிக்கொள்ளும் முறையான மாட்பஸ் வகை சிஆர்சி எழுதினால் “123456789” என்ற எழுத்துகளுக்கு ஹெக்ஸ் 4பி37 வருகிறதா பாருங்கள். சரியாக வந்தபின்னும் மறுமுனை ஒத்துக்கொள்ளவில்லையா? மாட்பஸில் கீழ் பைட்தான் முதலில் போகும்.

எழுதிய கோடைச் சோதிக்க, அனுப்பும் பக்கத்தை ஆட் பாரிட்டியிலும் வாங்கும் பக்கத்தை ஈவன் பாரிட்டியிலும் வைத்து, விநாடிக்கு ஒரு பைட் அனுப்புங்கள். ஒவ்வொரு பைட்டுக்கும் பாரிட்டி கவுண்டர் ஒன்று ஏற வேண்டும். பூஜ்யத்திலேயே நின்றால், யூடிஆர்0-வை முதலில் படித்திருக்கிறீர்கள்.