கடன் கழுத்தை நெரிக்கும்போது யாருக்கு முதலில் கட்டுவது?

வேலை போய்விட்டது, இல்லையென்றால் கடை படுத்துவிட்டது, இல்லையென்றால் வீட்டில் ஒருவருக்கு ஆஸ்பத்திரிச் செலவு. மாதம் 60,000 வந்த இடத்தில் 25,000 வருகிறது, தவணை மட்டும் 35,000 இருக்கிறது. இந்த நிலையில் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான்: யார் அதிகமாகச் சத்தம் போடுகிறார்களோ அவருக்கு முதலில் கட்டுவது. கிரெடிட் கார்டு ஏஜெண்ட் காலையில் இருந்து போன் அடித்துக்கொண்டே இருப்பார், சரி தொல்லை விட்டால் போதும் என்று அவருக்கு ஐயாயிரம் போய்விடும். நகைக்கடன் கொடுத்த இடத்தில் இருந்து அப்படி யாரும் கூப்பிட மாட்டார்கள், அதனால் அந்த வட்டி நிற்கும், ஒருநாள் ஏல நோட்டீஸ் வரும், நகை மூழ்கிப் போகும். வரிசை தலைகீழாக இருக்கிறது, அதை நிமிர்த்துவதுதான் முதல் வேலை.

ஒரு நோட்டில் எல்லாக் கடனையும் எழுதுங்கள். வீட்டுக்காரருக்கோ வீட்டுக்காரிக்கோ தெரியாமல் வாங்கியதையும் சேர்த்துத்தான். யாரிடம், இன்னும் எவ்வளவு அசல், என்ன வட்டி, மாதம் எவ்வளவு, கட்டாவிட்டால் எது கையை விட்டுப் போகும் என்று ஒவ்வொன்றுக்கும் எழுத வேண்டும். வட்டியை எல்லாவற்றுக்கும் ஆண்டுக் கணக்கில் மாற்றிக்கொள்ளுங்கள், அப்போதுதான் ஒப்பிட முடியும். 'ரெண்டு வட்டி' என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். தண்டலில் 10,000 என்று சொல்லி 8,500 கையில் கொடுத்து, தினம் 100 வீதம் 100 நாள் வாங்கினால் 15 சதவீதம்தானே என்று தோன்றும். முதல் நாளில் இருந்தே அசலையும் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறீர்கள் என்பதால் ஆண்டுக் கணக்கில் அது 100 சதவீதத்தைத் தாண்டும்.

எழுதி முடித்ததும் கடைசிக் கேள்வியை வைத்து வரிசை போடுங்கள். வாடகை, அரிசி பருப்பு, மருந்து, கரண்ட், பிள்ளைகளின் ஃபீஸ் எல்லாம் கடனுக்கு முன்னால் வருபவை, இதில் குற்ற உணர்ச்சியே வேண்டாம். அடுத்தது, பிழைப்பு நடத்தும் பொருளின் மேல் உள்ள கடன்: ஆட்டோ, லோடு வண்டி, தையல் மெஷின். பிறகு வீட்டுக்கடன். அதில் 90 நாளுக்கு மேல் நிலுவை நின்றால் வாராக்கடன் ஆகிவிடும், அதன்பின் 60 நாள் நோட்டீஸ் கொடுத்து வங்கி வீட்டின் மேல் நடவடிக்கை எடுக்கலாம். பிறகு நகை. எல்லா நகையையும் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது என்று தெரிந்தால் ஒன்றை மீட்டு விற்று மற்றதைக் காப்பாற்றுவது மேல். வட்டி கட்டிக் கட்டியே நகையின் விலையைக் கட்டியவர்கள் நிறைய. ஏலம் போய்விட்டால்கூட, கடனும் செலவும் போக மிஞ்சிய பணம் உங்களுடையது, எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

கிரெடிட் கார்டும் பர்சனல் லோனும் இவற்றுக்குப் பின்னால்தான். வட்டி அதிகமாயிற்றே என்பீர்கள், உண்மைதான். ஆனால் அவற்றை இரண்டு மாதம் தாமதித்தால் அபராதம் விழும், சிபில் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் மதிப்பெண்) அடிபடும், அவ்வளவுதான், தலைக்கு மேலுள்ள கூரை போகாது.

கார்டில் மினிமம் டியூ என்ற பொறியை மட்டும் கொஞ்சம் விளக்க வேண்டும். 50,000 நிலுவை, மாத வட்டி 3.5 சதவீதம் என்று வையுங்கள். வட்டி 1,750, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 315, ஆக 2,065. மினிமம் என்று 5 சதவீதம், அதாவது 2,500 கட்டினால் அசலில் குறைவது 435 ரூபாய். பாக்கி இருக்கும்வரை புதிதாகத் தேய்க்கும் தொகைக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது, வாங்கிய அன்றிலிருந்தே வட்டி ஓடும். அதனால் முதலில் கார்டைத் தேய்ப்பதை நிறுத்துங்கள், பிறகு வங்கியைக் கூப்பிட்டு மொத்த நிலுவையையும் குறைந்த வட்டியில் தவணையாக மாற்றித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலான வங்கிகளில் இந்த வசதி உண்டு, ஆனால் தவணை தவறுவதற்கு முன்னால் கேட்டால்தான் எளிதாகக் கிடைக்கும்.

மற்றக் கடன்களுக்கும் இதே கதைதான். கணக்கில் பணம் இல்லாமல் தவணை பௌன்ஸ் ஆன பிறகு போய் நிற்காதீர்கள். வேலை போன கடிதம், டிஸ்சார்ஜ் சம்மரி, எது இருக்கிறதோ அதை இணைத்து, 'மாதம் இவ்வளவுதான் முடியும், தவணைக் காலத்தை நீட்டித் தாருங்கள்' என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் பேசியதற்குச் சாட்சி கிடையாது. கணக்கில் பணம் இருக்காது என்று தெரிந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஒவ்வொரு பௌன்ஸுக்கும் உங்கள் வங்கி ஒரு பக்கம், கடன் கொடுத்த நிறுவனம் ஒரு பக்கம் என்று இரண்டு அபராதம் விழும். இன்னொன்று, கார்டும் சம்பளக் கணக்கும் ஒரே வங்கியில் இருந்தால், கார்டு நிலுவைக்காக அந்தக் கணக்கிலிருந்து பணத்தைப் பிடித்துக்கொள்ள வங்கிக்கு வழி இருக்கிறது. சாப்பாட்டுப் பணத்தை வேறு வங்கியில் வைப்பது புத்திசாலித்தனம்.

'நாளைக்கு போலீஸ் வரும்' என்று ஏஜெண்ட் மிரட்டுவார். தவணை கட்ட முடியாதது சிவில் விவகாரம், அதற்காக மட்டும் யாரும் கைது செய்ய முடியாது. ஆனால் செக் விஷயம் வேறு: செக் திரும்பினால் நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் சட்டத்தின் 138ஆவது பிரிவில் குற்ற வழக்கு போடலாம், நோட்டீஸ் கைக்கு வந்த 15 நாளுக்குள் பணம் கட்டித்தான் அதைத் தவிர்க்க முடியும். ஆகவே புதிதாக எங்கேயும் வெற்றுச் செக்கில் கையெழுத்து போடாதீர்கள், வந்த நோட்டீஸைப் பிரிக்காமல் பீரோவில் வைக்காதீர்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவசம், எண் 15100.

வசூல் ஏஜெண்டுகள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. பெண்கள் குழுவாகச் சேர்ந்து வாங்கும் குழுக்கடனுக்கு அது காலை 9 முதல் மாலை 6 வரை. சொந்தக்காரர்களுக்கும் ஆபீஸுக்கும் போன் போட்டு அவமானப்படுத்துவதும் தவறு. தேதி, நேரம், நம்பர் குறித்து வைத்து முதலில் அந்த நிறுவனத்துக்கே புகார் எழுதுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம், கட்டணம் இல்லை, விவரத்துக்கு 14448. குழுக்கடனில் உண்மையான அழுத்தம் ஏஜெண்டிடம் இருந்து வருவதில்லை, நீங்கள் கட்டாததைச் சேர்ந்து கட்ட வேண்டிய பக்கத்து வீட்டு அக்காக்களிடம் இருந்துதான் வரும். டியூ தேதிக்கு முன்பே அவர்களிடம் சொல்லிவிடுவது கஷ்டம்தான், ஆனாலும் சொல்லிவிடுங்கள்.

கடன் ஆப்களில் பணம் வாங்கி இன்னொரு ஆப்பை அடைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். காண்டாக்ட் லிஸ்டையும் கேலரியையும் கேட்கும் ஆப் விதியை மீறுகிறது. படத்தை மார்ஃப் செய்து மிரட்டினால் மேலும் பணம் அனுப்பாமல் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930க்குப் போன் செய்யுங்கள். கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாமே தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், மூன்று ஆண்டுவரை சிறை. ஊரில் அந்த ஆளை எதிர்த்து நிற்பது சட்டப் புத்தகம் சொல்வதுபோல எளிதில்லை என்பதும் தெரியும், தனியாகப் போகாமல் வக்கீலோடு போங்கள்.

பிஎஃப் பணத்தை எடுத்துக் கார்டை அடைக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். என் பதில், வேண்டாம். பிஎஃப் கணக்கில் இருக்கும்வரை அந்தப் பணத்தைக் கடன்காரர் யாரும் ஜப்தி செய்ய முடியாது. நீங்களே வெளியே எடுத்து அவர்கள் கையில் கொடுப்பானேன்?

கடைசியில் சிலர் செட்டில்மென்ட்டுக்கு வருவார்கள், 1 லட்சத்துக்கு 45,000 கொடுத்தால் போதும் என்பார்கள். நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் தொகையும் தேதியும் எழுதி வாங்காமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள், ஏஜெண்டின் ஜிபேக்கு அனுப்பவே கூடாது. சிபில் ரிப்போர்ட்டில் அது 'செட்டில்டு' என்று பல ஆண்டுகள் நிற்கும், புதுக் கடன் கிடைப்பது கஷ்டமாகும். முழுசாகக் கட்டி 'குளோஸ்டு' ஆக்க வழியிருந்தால் அதுவே மேல், வழியில்லை என்றால் செட்டில்மென்ட்டும் தப்பில்லை. எப்படி முடித்தாலும் நோ டியூ சான்றிதழையும் கொடுத்த செக்குகளையும் திருப்பி வாங்கிவிடுங்கள். இரண்டு மாதம் கழித்து ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள், சிபில் போன்று ரிப்போர்ட் தரும் ஒவ்வொரு நிறுவனத்திடமும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசம். கட்டிய கடன் இன்னும் பாக்கி என்று காட்டினால் அங்கேயே புகார் போடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் உங்களுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும்.