கர்ப்பகாலத் தடுப்பூசி ஆய்வுக்கு வருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கர்ப்பிணிகளையும் பச்சிளம் குழந்தைகளையும் நோய்த்தொற்றிலிருந்து காக்கும் ஆய்வைத் தம் துறையாகத் தேர்ந்தெடுக்கும் இளம் மருத்துவர்களும் புள்ளியியலாளர்களும் செய்யும் தவறுகளில் மிகப் பெரியது, கர்ப்பத்தின் வாரக்கணக்கை ஒரு துணைத் தகவலாக மட்டும் கருதுவதே என்பது என் எண்ணம். 30ஆம் வாரத்திலேயே பிரசவித்துவிட்ட பெண்ணுக்கு 32ஆம் வாரத்து ஊசியைப் போட்டுக்கொள்ளும் வாய்ப்பே இருந்திருக்காது. அவர் தானாகவே ஊசி போடாதோர் பட்டியலில் சேர்ந்துவிடுவார். இதைக் கவனியாமல், பிரசவத்துக்குப் பிறகு இரு பட்டியல்களையும் ஒப்பிட்டால், தடுப்பூசி குறைமாதப் பிரசவத்தைக் குறைப்பதுபோன்ற பொய்த் தோற்றம் எழும். உண்மையான தீங்கு ஏதேனும் இருந்தால் அதுவும் அதற்குள் மறைந்துவிடும். ஆகவே, ஒவ்வொரு பெண்ணையும் ஊசி போட்ட நாள்வரை போடாதவராகவும், அதன்பின் போட்டவராகவும் கணக்கிட வேண்டும்.

இது வெறும் கணக்கு நுணுக்கம் அன்று. பச்சிளம் குழந்தைகளின் சுவாசப்பாதையைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. வைரஸுக்கு எதிராக ஜி.எஸ்.கே. மருந்து நிறுவனம் கர்ப்பிணிகளிடம் நடத்திய தடுப்பூசிச் சோதனை 2022இல் நிறுத்தப்பட்டது. குறைமாதப் பிறப்பு ஊசி பெற்ற பிரிவில் 6.8 சதவீதமாகவும், மற்றப் பிரிவில் 4.9 சதவீதமாகவும் இருந்ததே காரணம். யார் எந்தப் பிரிவு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்திருந்ததால்தான் இவ்வளவு சிறிய வேறுபாடும் கண்ணில் பட்டது. ஃபைசரின் ஆர்.எஸ்.வி. தடுப்பூசிக்கு 2023இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தபோது, அதை 32 முதல் 36 வாரங்களுக்குள் மட்டும் போட அனுமதித்ததன் பின்னணியிலும் இந்த எச்சரிக்கை உணர்வு இருந்தது.

தாயின் இரத்தத்தை மட்டும் சோதித்துவிட்டு ஆய்வை முடித்துக்கொள்வது அடுத்த தவறு. தாயிடம் உருவாகும் எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையை அடைய வாரங்கள் தேவைப்படும். பிரிட்டனில் 2012இல் குழந்தைகள் சிலர் கக்குவான் இருமலால் இறந்ததைத் தொடர்ந்து, கர்ப்பிணிகளுக்கு 28ஆம் வாரத்திலிருந்து ஊசி போடத் தொடங்கினர். 2016இல் அதை 16ஆம் வாரத்திலிருந்தே போடலாம் என்று மாற்றினர். அதே சமயம், தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் குழந்தையின் சொந்தத் தடுப்பூசிகளுக்கான எதிர்வினையைச் சற்றே மட்டுப்படுத்தக்கூடும் என்பதால், பிரசவத்தோடு கண்காணிப்பை நிறுத்தக் கூடாது. வங்கதேசத்தில் 340 தாய்மார்களைக் கொண்டு நடந்து, 2008இல் வெளியான ஆய்வு இதற்கு நல்ல சான்று. அதில் ஃப்ளூ ஊசி, சோதிக்க எடுத்துக்கொண்ட வேறொரு தடுப்பூசியோடு ஒப்பிடுவதற்காகவே கொடுக்கப்பட்டது. ஆனாலும் குழந்தைகளைப் பிறப்புக்குப் பின் தொடர்ந்து கவனித்ததால், அந்த ஊசி பெற்ற தாய்மார்களின் குழந்தைகளிடம் ஆய்வகத்தில் உறுதியான ஃப்ளூ 63 சதவீதம் குறைந்திருந்தது தெரியவந்தது.

கர்ப்பிணிகளைச் சோதனையிலிருந்து விலக்கிவைப்பதே பாதுகாப்பு என்று எண்ணுவதும் தவறுதான். 2020இல் முதன்மையான கொரோனா தடுப்பூசிச் சோதனைகள் அவர்களை விலக்கின. விளைவாக, தீவிர நோய்க்கு ஆளாகும் அபாயம் கூடுதலாக உள்ள அவர்கள், தமக்குரிய தரவே இல்லாத நிலையில் ஊசி போடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க நேர்ந்தது.