ஓஃபன்பாக்கின் ஓப்பரெட்டாவை உள்ளூர்க் குழு மேடையேற்றுவது எப்படி?

இசையமைப்பாளர் ஓஃபன்பாக்கின் ‘பாதாளத்தில் ஓர்ஃபியஸ்’ என்ற ஓப்பரெட்டாவை, அதாவது பாட்டும் வசனமும் கலந்த நகைச்சுவை இசை நாடகத்தை, போடப் போகிறீர்களா? எந்த வடிவம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 1858-இல் பாரிஸில் அரங்கேறியது இரண்டு அங்கம். 1874-இல் ஓஃபன்பாக்கே பாலே, பெரிய கோரஸ் எல்லாம் சேர்த்து நான்கு அங்கமாக ஊதிவிட்டார். வேலை முடிந்து மாலையில் ஒத்திகைக்கு வரும் குழுவுக்குச் சிறியதே போதும். அவர் இறந்தது 1880-இல், அதனால் மூல இசைக்கு உரிமைத்தொகை கிடையாது, ஆனால் புதிய மொழிபெயர்ப்பு எதையாவது பாடினால் அதற்கு உண்டு, டிக்கெட் அச்சடிக்கும் முன்பே எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

ஒத்திகையில் பாதியை வசனத்துக்கு ஒதுக்குங்கள். பிரமாதமாகப் பாடுகிறவர்கள்கூடப் பேச வேண்டும் என்றதும் மரமாக நின்றுவிடுவார்கள், நகைச்சுவை அங்கேதான் செத்துப்போகும். தேவர்களின் தலைவன் ஜூபிடர் ஈயாக மாறி ஓர்ஃபியஸின் மனைவி யூரிடிஸியைச் சுற்றி ரீங்காரமிடும் காட்சிக்கான இறக்கையைச் சீக்கிரமே கொடுத்துவிடுங்கள், அதை மாட்டிக்கொண்டு பாடப் பழகவே நாளாகும். கதையில் வயலின் வாசிக்கும் ஓர்ஃபியஸாக நடிப்பவருக்கு வயலின் தெரியாதா? சரி, அவர் வில்லை மட்டும் அசைக்கட்டும், வாசிப்பதை இசைக்குழுவில் இருப்பவர் பார்த்துக்கொள்வார். அப்புறம் அந்தக் கான்கான் நடனம்: காலைத் தூக்கி ஆடுகிறவர்களையே பாடவும் சொல்லாதீர்கள், மூச்சு வாங்கும், ஆடுகிறவர்கள் முன்னால், பாடுகிறவர்கள் பின்னால்.