தோளில் தடித்த தழும்பு, லேசரில் அடங்கிய விதம்

பாம்பனில் வலைக்கயிறு அறுத்த காயம் ஆறியதும், காயத்தின் எல்லையையும் தாண்டித் தோளில் சிவப்பாகத் தடித்து வளர்ந்தது, அரிப்பு வேறு, தூக்கமே போச்சு. மதுரையில் தோல் மருத்துவர் பார்த்துவிட்டு, இது கெலாய்டு, வெறுமனே வெட்டி எடுத்தால் பெரும்பாலும் திரும்ப வரும் என்றார்.

அவர் 10,600 நானோமீட்டர் கார்பன் டை ஆக்சைடு லேசரால் தழும்பில் நுண்ணிய துளைகள் போட்டு, கையோடு டிரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை மேலே விட்டார், துளை வழியாக அது உள்ளே இறங்கும். இந்த மருந்தையே கெட்டித் தழும்புக்குள் ஊசியாகப் போட்டால் வலியில் உயிர் போகும், இதற்கு மரத்துப்போகும் களிம்பு போதுமாக இருந்தது. சிவப்புக்கு 595 நானோமீட்டர் பல்ஸ்டு டை லேசர். அது தழும்புக்கு ரத்தம் கொண்டுபோகும் சின்ன நாளங்களை அடைக்கிறது.

நம்மைப் போலக் கறுத்த தோலுக்கு லேசரின் சக்தியைக் குறைத்து வைப்பார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், கூடினால் கறுப்பாகவோ வெள்ளையாகவோ திட்டு விழும். ஒரு லேசருக்கும் அடுத்ததற்கும் இடையில் தழும்பின் மேல் ஒட்டும் சிலிக்கோன் ஷீட், கடலுக்குப் போனால் முழுக்கைச் சட்டை.

அரிப்புதான் முதலில் நின்றது. அப்புறம் மெல்ல மெல்லத் தட்டையானது, ஆனால் முழுசாக மறையவில்லை, தொட்டால் இப்போதும் தெரியும்.